நூலகர் ஒருவர் உருவாக ஆகும் கணக்கு

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றபோது எஸ்.ஆர்.ரங்கநாதன் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். நூலகப் பயிற்சி எதுவும் பெற்றிருக்கவில்லை. பல்கலைக்கழகம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே ஏறத்தாழ 9 மாதம். திரும்பி வந்த பிறகு 1928-ல் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. 1929-ல் சங்கம் பயிற்சி வகுப்பு தொடங்கியது. 1931-ல் அதைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. 1937-ல் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பாயிற்று. ஒருவரை அனுப்பிய 13 ஆண்டில் ஒரு துறையே கிடைத்துவிட்டது.

இன்று 3 ஆண்டு பட்டப்படிப்பு, பி.லிப். 1, எம்.லிப். 1 என 5 ஆண்டு ஆகிறது. கல்லூரி நூலகராகப் பொதுவாக எம்.லிப்.பில் 55 சதவீதமும் நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். நெட் தேர்வு 3 மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண். யு.ஜி.சி. ஊதிய விகிதப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய்.

மாணவருக்குக் கை படிவது, புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் இடும் பகுப்பாக்கச் செய்முறை வகுப்பில்தான். டியூயி முறையில் ஆங்கில நாவலுக்கு 823, மூன்றே இலக்கம். தமிழ் நாவலுக்கு? இலக்கியம் 800, பிறமொழிகள் 890, திராவிட மொழிகள் 894.8, தமிழ் 894.811, கடைசியில் நாவலுக்கு ஒரு 3. ஆக 894.8113, ஏழு இலக்கம். புத்தக முதுகில் ஒட்டும் சிறு சீட்டில் இத்தனையும் அடங்க வேண்டும். கடைசி 3 தவறி 1 ஆனால் நாவல் கவிதை அடுக்குக்குப் போய்விடும். தேடி வந்தவருக்கு அந்தப் புத்தகம் நூலகத்தில் இல்லாத மாதிரிதான். ரங்கநாதன் 1933-ல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் தமிழ் மொழிக்கு எண் 31, இரண்டே இலக்கம். நம் மாணவர்கள் இரண்டு முறையையும் செய்து பழக வேண்டும் என்பேன்.

பணக் கணக்கும் உண்டு. ரங்கநாதன் நூலகவியல் பேராசிரியர் இருக்கைக்காகத் தம் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். மக்கள் பங்கு 1948 பொது நூலகச் சட்டத்தின்படி வசூலாகிறது: இப்போது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 2,000 ரூபாய் வரி கட்டும் வீடு நூலகத்துக்கு 200 ரூபாய் தருகிறது.

அடுத்த முறை வரி கட்டும்போது, உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பயிற்சி பெற்ற நூலகர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதுங்கள்.