விண்டோஸ் 7: தயாரிப்பாளர் மென்பொருள்கள் இன்றி மீள்நிறுவுதல்

மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனம் தன் பங்குக்குச் சேர்த்து அனுப்பும் சோதனைக்கால வைரஸ் தடுப்பான், விளையாட்டுகள், உலாவிப் பட்டைகள் ஆகியவற்றைத் தவிர்த்து, இயங்குதளத்தை மட்டும் புதிதாக நிறுவுவது தூய மீள்நிறுவல் எனப்படும். வன்தட்டில் உள்ள மீட்புப் பகுதியிலிருந்து நிறுவினால் இது நடக்காது. அந்தப் பகுதி, கணினி கடைக்கு வந்த நாளின் நகலையே திரும்பத் தரும். நீக்க நினைத்தவை எல்லாம் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சேர்த்து அனுப்பப்படுபவை எல்லாமே வெறும் தொந்தரவு மட்டும் அல்ல. 2014 இறுதியில் லெனோவோ விற்ற சில மடிக்கணினிகளில் இருந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள், தன் சொந்தச் சான்றிதழைக் கணினியில் பதித்துக்கொண்டு பாதுகாக்கப்பட்ட இணையத் தொடர்புகளிலும் குறுக்கிட்டது. 2015 பிப்ரவரியில் இது அம்பலமானது.

தமிழ்நாட்டில் விண்டோஸ் 7 வீடு வீடாகப் போனதில் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அத்திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று ஆவடிக்கு மேற்கே, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கியது. எல்காட் வழியாக வாங்கப்பட்ட அக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இந்த இரட்டை அமைப்பால் மீள்நிறுவலில் கூடுதல் கவனம் தேவை.

முதலில் கோப்புகளை வெளி வட்டுக்கு நகலெடுங்கள். அடுத்து, கணினியின் அடியில் ஒட்டியுள்ள உரிமச் சீட்டைப் பாருங்கள். 25 எழுத்துச் சாவியும் பதிப்பின் பெயரும் அதில் இருக்கும். நிறுவும் பதிப்பு அதுவாகவே இருக்க வேண்டும். ஹோம் பேசிக் சாவி அல்டிமேட்டுக்குப் பொருந்தாது. ஸ்டார்டர் என்றிருந்தால் 32 பிட் மட்டுமே கிடைக்கும், 2 ஜிபிக்கு மேல் ராம் போட்டும் பயனில்லை. சீட்டு தேய்ந்து அழிவது வழக்கம் என்பதால் இன்றே கைபேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது. நிறுவல் வட்டு மைக்ரோசாப்டின் அசல் வட்டாக இருக்கட்டும். 'ஏற்கெனவே ஆக்டிவேட் செய்தது' என்று கைமாறும் வட்டுகளில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் டிரைவர். நிறுவி முடித்ததும் வைஃபை வேலை செய்யாமல் போகலாம். இணையம் இல்லாமல் வைஃபை டிரைவரைப் பதிவிறக்கவும் முடியாது. ஆகவே உங்கள் மாடலுக்கான நெட்வொர்க், சிப்செட், திரை டிரைவர்களை முன்கூட்டியே பென்டிரைவில் சேமித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் தளத்தில் டிரைவரை மட்டும் எடுங்கள். அருகிலேயே இருக்கும் 'உதவிக் கருவி'கள் வேண்டாம்.

நிறுவும்போது 'அப்கிரேடு' அல்ல, 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் இருந்த பகுதியை மட்டும் ஃபார்மட் செய்யுங்கள். பெயரில்லாமல் தெரியும் பகுதிகளில் ஒன்று லினக்ஸாக இருக்கலாம். காலியிடம் என்று அழித்துவிடாதீர்கள். ஆக்டிவேஷன் இணையத்தில் மறுக்கப்பட்டால் முன்பு தொலைபேசி வழியாக முயல முடிந்தது.

விண்டோஸ் 7க்கான பொதுவான பாதுகாப்பு இற்றைகள் 2020 சனவரி 14 உடன் நின்றுவிட்டன. பழைய மென்பொருளோ அச்சுப்பொறியோ அதைக் கேட்டால் வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கைத் திறக்க அது ஏற்றதல்ல. அதற்கு, இன்றும் இற்றைகள் பெறும் ஒரு லினக்ஸ் பதிப்பே மேல்.

விண்டோஸை நிறுவியபின் தொடக்கத்தில் லினக்ஸ் தெரிவு காணாமல் போகும். லினக்ஸ் அழியவில்லை, அதன் கிரப் தொடக்க நிரலின் இடத்தில் விண்டோஸ் தன்னுடையதை எழுதிவிட்டது, அவ்வளவே. லினக்ஸ் லைவ் பென்டிரைவில் கணினியைத் தொடக்கி, கிரப்பை மறுபடி நிறுவினால் இரண்டும் பட்டியலில் திரும்ப வரும்.