செஞ்சோற்றுக் கடனும் தாச பக்தியும்

1987ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் தூர்தர்ஷனில் தொடங்கிய ராமானந்த சாகரின் ‘ராமாயணம்’ தொடரை மூத்தோர் பலர் இன்றும் மறந்திலர். ஞாயிறு காலையில் நீராடி, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை சாற்றி, கற்பூரம் காட்டிய பின்னரே அமர்ந்த இல்லங்கள் உண்டு. மல்யுத்த வீரர் தாரா சிங் அனுமனாகத் தோன்றியபோது கைகள் தாமே குவிந்தன.

அத்தொடரில் கும்பகர்ணன் போருக்கு எழும் கட்டம் ஒரு கேள்வியை எழுப்பிச் சென்றது. தலைவன் அறம் பிறழ்ந்தவன் என்று அறிந்த பின்னும் அவனுக்காக உயிர் கொடுப்பது தருமமா?

தேரழுந்தூர் தந்த கம்பர் இதனை ஆழ்ந்து நோக்கியவர். அவர் படைத்த கும்பகர்ணன், சீதாபிராட்டியை விடுவிக்குமாறு அண்ணனுக்கு எடுத்துரைக்கிறான். அச்சொல் ஏற்கப்படவில்லை. இராமனிடம் வந்து சேருமாறு தம்பி விபீடணன் அழைத்தபோதும், வளர்த்த அண்ணனை விட்டு அகல அவன் மனம் ஒப்பவில்லை. ஆயினும் உயிர் பிரியும் வேளையில், தம்பியைக் காத்தருளுமாறு இராமபிரானிடமே வேண்டுகிறான். காப்பவர் எவர் என்பதை அவன் உள்ளம் அறிந்திருந்தது. உண்ட சோற்றின் கடனோ அவனை மறுபுறம் நிறுத்திவிட்டது.

அனுமனுக்கு இந்தத் தத்தளிப்பு இல்லை. அவன் பற்றியது அறத்தின் திருவடி. சீதையைக் கண்டு வந்த செய்தியைச் சொன்னபோது, கொடுக்கத் தகுந்த பொருள் தம்மிடம் இல்லையே என வருந்திய இராமபிரான், அவனைத் தழுவிக்கொண்டதாக வால்மீகி பாடுகிறார். அத்தழுவலுக்கு மேல் அனுமன் ஒன்றும் கேட்டானில்லை.

திருவாரூர் மாவட்டம் முத்துப்பேட்டைக்கு அருகில் உள்ள தில்லைவிளாகத்தில், வீர கோதண்டராமர் சீதை, இலக்குவன், அனுமனுடன் எழுந்தருளியுள்ளார். பெருமானின் திருமேனியில் நரம்பும் நகமும் தெரியுமாறு வார்க்கப்பட்ட அழகு காண்போரை உருக்குகிறது. அச்சந்நிதியில், கடலைத் தாண்டி இலங்கையை எரித்த மாவீரன் அடக்கமே வடிவாய்த் தாச கோலத்தில் நிற்கிறான். தொண்டு செய்தவன் தன் வலிமையைப் பேசுவதில்லை.

நன்றி மறவாமை நற்பண்பு. ஆனால் அது அறத்தோடு சேரும்போதே தொண்டாகிறது. கும்பகர்ணனுக்காகக் கண்ணீர் விடுவோம், அனுமனைப் பின்பற்றுவோம். தில்லைவிளாகம் செல்வோர் அவ்விருவரையும் நினைந்து ஒரு கணம் நிற்பாராக.