பழைய இட்லிப் பானையைக் கொண்டு சிறு புகையடுப்பு அமைத்தல்

கோடையில் பண்ணைக் குட்டைகளில் நீர் வற்றுங்கால், வளர்த்த மீன் முழுவதையும் சில நாட்களுக்குள் பிடித்துவிட நேரிடுகின்றது. பிடித்த மீன் அனைத்தும் அன்றே விலையாவதில்லை. ஐஸ் கிடைக்காத கிராமங்களில் எஞ்சிய மீன் மாலைக்குள் கெடத் தொடங்குகின்றது. அதனை உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்குவது பெரும்பாலோர் கைக்கொள்ளும் முறை. புகையூட்டிப் பக்குவம் செய்வது மற்றொரு முறையாகும். வீட்டு உபயோகத்திற்கு வேண்டிய சிறு அளவில் இதனைச் செய்வதற்குப் பழைய இட்லிப் பானை ஒன்றும், சிறிது அடுப்புக்கரியும் போதுமானவை.

ஆயினும், புகைமணம் ஏறிய மீன் எளிதில் கெடாது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. இவ்வெண்ணம் தவறானது, அபாயத்திற்கும் இடமளிப்பது. ஆகவே அடுப்பை அமைக்கும் விதத்தை அறியுமுன், புகை செய்யும் வேலை இன்னதென்று அறிதல் அவசியம்.

புகை செய்யும் வேலை

விறகு மெதுவாகக் கனலும்போது எழும் புகையில் பீனால் வகைகள், பார்மால்டிஹைடு, சில அமிலங்கள் முதலியன அடங்கியுள்ளன. இவை மீனின் மேற்பரப்பிலுள்ள கிருமிகளை ஓரளவு அடக்குகின்றன. கொழுப்புக் காறிப்போவதைத் தாமதப்படுத்துகின்றன. நிறமும் மணமும் தருகின்றன. ஆனால் புகை சதையினுள் ஆழமாகச் செல்வதில்லை. மீன் நெடுநாள் கெடாதிருப்பதற்கு உப்பு மிகுதலும் ஈரம் போதலுமே முக்கிய காரணங்களாகும். உடனே உண்ணத்தக்கதாக அதனை ஆக்குவது சதையினுள் ஏறும் உஷ்ணம்.

இதற்கு நல்ல உதாரணம் மாசி. மினிக்காய்த் தீவிலும் மாலத்தீவிலும் சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, பின்னர் வெயிலில் பல நாள் உலர்த்தி, கட்டைபோல் இறுகும்படி செய்கின்றனர். மாசி மாதக்கணக்கில் நிற்பது புகையினால் மட்டுமன்று; அதிலுள்ள நீர் பெரும்பாலும் நீங்கிவிடுவதே காரணம். இட்லிப் பானையில் இரண்டு மணி நேரம் புகையூட்டிய மீனில் ஈரம் நிறைந்திருக்கும். அது மாசியுமன்று, கருவாடுமன்று; வெந்த மீனேயாகும்.

பாத்திரத்தைத் தெரிந்தெடுத்தல்

அடிப்பானையும், அதன்மேல் பொருந்தும் கண்தட்டுள்ள அடுக்குகள் இரண்டும், மூடியும் கொண்ட எவர்சில்வர்ப் பாத்திரம் மிகவும் ஏற்றது. பானையின் வாய் சுமார் 30 சென்டிமீட்டர் அகலம் இருத்தல் நலம். அலுமினியம் 660 டிகிரி உஷ்ணத்தில் உருகும். காற்றோட்டத்தில் கனலும் கரி அதனினும் மிகுந்த உஷ்ணம் அடையக்கூடுமாதலால், அலுமினியப் பானையில் கரியிடலாகாது. ஈயம் பூசிய பித்தளை, செம்புப் பாத்திரங்களும் ஆகா. பூச்சிலுள்ள வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். துத்தநாக முலாம் பூசிய வாளி, தகடு, கம்பிவலை ஆகியவற்றை இவ்வடுப்பின் எப்பாகத்திலும் சேர்த்தல் கூடாது. மிகக் காய்ந்த துத்தநாகத்தின் ஆவி சுவாசிப்போருக்குக் காய்ச்சலை உண்டாக்கும்.

மூடியின் குமிழ் பிளாஸ்டிக்காயின் அதனைக் கழற்றிவிட்டு, இரும்புத் திருகாணி ஒன்றை முடுக்கிக் கொள்ளலாம்.

அமைக்கும் விதம்

அடிப்பானையின் பக்கத்தில், அடியை ஒட்டினாற்போல், சுற்றிலும் ஆறு துவாரங்கள் இடுக. ஒவ்வொன்றும் ஒரு விரல் நுழையும் அளவு இருத்தல் போதும். இவை காற்று நுழையும் வழிகள். துவாரங்களுக்கு மேலாக, அடியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில், இரும்புக் கம்பியாலான சல்லடைத் தட்டொன்றைக் கற்களின்மீது நிறுத்துக. கரி இத்தட்டின்மேல் இருக்கும். சாம்பல் கீழே உதிரும்.

முதல் அடுக்கில் 24 சென்டிமீட்டர் அகலமுள்ள எவர்சில்வர்த் தட்டொன்றை நடுவே வைத்து, அதில் நீர் ஊற்றுக. தட்டைச் சுற்றிலும் மூன்று சென்டிமீட்டர் இடைவெளி இருக்குமாதலால், அவ்விடத்துக் கண்களின் வழியே புகை மேலேறும். இந்நீர்த்தட்டே இவ்வடுப்பின் உயிர்நிலை. மீனிலிருந்து சொட்டும் கொழுப்பு கனலில் விழுந்து எரிந்தால் பென்ஸோபைரீன் முதலிய பொருள்கள் உண்டாகி, மேலெழுந்து மீனிலேயே படிகின்றன. பென்ஸோபைரீன் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வகுத்துள்ளது. நீர்த்தட்டு அக்கொழுப்பை ஏந்திக்கொள்வதோடு, உஷ்ணம் திடீரென ஏறாமலும் காக்கின்றது.

இரண்டாம் அடுக்கில் மீனை வைக்க வேண்டும். மூடியில் இரண்டு துவாரங்கள் வேண்டும்: ஒன்று புகைபோக்கி, மற்றொன்று ஊசியுள்ள உஷ்ணமானியைச் செருகுவதற்கு. மேல்துவாரத்தை ஒருபோதும் அடைக்கலாகாது. கீழ்த்துவாரங்களை மட்டும் ஈரக் களிமண் உருண்டைகளால் வேண்டியபோது அடைத்தும் திறந்தும் தீயை அடக்கலாம். புகை வெளியேற வழியின்றித் தேங்கினால் மீன் கசந்துபோகும்.

புதிதாக அமைத்த அடுப்பை, மீன் இன்றி, கரியிட்டு ஒரு மணி நேரம் காயவிட்டு, பின் கழுவி உபயோகித்தல் வேண்டும்.

கரியும் விறகும்

கரி உஷ்ணத்திற்கு, விறகு புகைக்கு. நன்கு சுட்ட கரியில் புகை அதிகமின்மையால் கரி மட்டும் போதாது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சுடப்படும் சீமைக் கருவேலங்கரி இதற்கு ஏற்றது. கால் கிலோ அளவு கரியை வேறோர் அடுப்பில் மூட்டி, மேலே சாம்பல் பூக்கும்வரை கனலவிட்டு, பின்னர்ப் பானையில் இடவேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றி மூட்டினால் அதன் நாற்றம் மீனில் ஏறும்.

புகைக்குத் தேங்காய் மட்டை, மாங்கட்டை, கொய்யாக்கட்டை ஆகியவற்றின் சிறு துண்டுகள் ஒரு கைப்பிடி போதும். அரளி, எட்டி, கள்ளி முதலிய நச்சு மரங்களையும், பிசின் மிகுந்த மரங்களையும், வர்ணமோ மருந்தோ பூசிய பலகைகளையும் அறவே விலக்குக. புகை மெல்லியதாக எழுதல் நன்று. அடர்ந்த வெண்புகையோ கரும்புகையோ எழுந்தால் காற்று போதவில்லையென்று அறிந்து கீழ்த்துவாரங்களைத் திறக்க வேண்டும்.

மீனைப் பக்குவப்படுத்தல்

அன்று பிடித்த மீனையே எடுக்க வேண்டும். கெடத் தொடங்கிய மீனைப் புகை திருத்தாது. அதன் நாற்றத்தை மறைக்கவே செய்யும். செதிலும் குடலும் நீக்கிக் கழுவி, சதை இரண்டு சென்டிமீட்டர் கனத்திற்கு மேற்படாதவாறு பிளந்து கொள்க. ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 150 கிராம் உப்பைக் கரைத்து, அதில் ஒரு மணி நேரம் ஊறவிடுக. பிறகு நல்ல நீரில் அலசி, ஈ மொய்க்காதவாறு வலையால் மூடி, நிழலில் காற்றோட்டமாக வைக்க, மேற்பரப்பு உலர்ந்து சிறிது பளபளப்படையும். ஈரம் சொட்டும் மீனில் புகை சீராகப் படியாது.

புகையூட்டல்

துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி மூடுக. முதல் அரை மணி நேரம் மிதமான தீயில் புகை பிடிக்கவிட்டு, பின்னர்க் கீழ்த்துவாரங்களைத் திறந்து, பானையின் உள்ளுஷ்ணத்தை 110 முதல் 120 டிகிரி வரை உயர்த்துக. உஷ்ணமானியின் ஊசியை மிகக் கனமான துண்டின் நடுவே, முள்ளில் படாமல் செருகிப் பார்த்து, 65 டிகிரி ஏறியபின் மேலும் அரை மணி நேரம் அவ்வுஷ்ணத்தில் வைத்தல் வேண்டும். மேற்புறம் பொன்னிறமாதலைக் கொண்டு உள்ளே வெந்ததென்று தீர்மானித்தல் கூடாது. நிறம் முதல் அரை மணியிலேயே வந்துவிடலாம். கிருமிகள் விரைந்து பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையிலாதலால், மந்தமான தீயில் மீனை நெடுநேரம் கிடத்துவதும் தவறு. நீர்த்தட்டு வற்றாமல் பார்த்துக் கொள்க.

வைத்துக்கொள்ளும் காலம்

இவ்வாறு பக்குவப்படுத்திய மீனைச் சூட்டோடு உண்பது சிறந்தது. மீதியைக் கோடைநாளில் ஒரு மணி நேரத்திற்குள் குளிர்ப்பெட்டியில் வைத்து, மூன்று நாட்களுக்குள் செலவழித்துவிட வேண்டும். குளிர்ப்பெட்டியில்லாத வீட்டில் உடனே உண்ணக்கூடிய அளவே புகையூட்டுதல் முறை. எஞ்சிய மீனைக் கருவாடாக்குவதே தகும். காற்றுப் புகாத டப்பியிலோ, காற்று நீக்கிய பையிலோ அடைத்து வெளியில் வைத்தல் பேராபத்து. காற்றில்லாத இடத்தில் வளரும் பாட்டுலினம் என்னும் கிருமி உயிர்கொல்லும் நஞ்சைச் சுரக்கும்; அந்நஞ்சை மணத்தாலோ சுவையாலோ கண்டறிதல் இயலாது.

முக்கிய எச்சரிக்கை

கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு எழுகின்றது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய அறையில் உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். ஆதலால் மழை பெய்யினும் இவ்வடுப்பைச் சமையலறைக்குள்ளோ, மாட்டுக் கொட்டகைக்குள்ளோ கொண்டுசெல்லலாகாது. வேலை முடிந்தபின் எஞ்சிய கனலைக் குளிர்காய வீட்டினுள் வைப்பதும் அவ்வாறே ஆபத்தானது. வைக்கோற்போர், கூரைவீடு ஆகியவற்றிற்குத் தூரமாக, வெட்டவெளியில், மூன்று செங்கற்களின்மீது பானையை நிறுத்தி, அருகில் ஒரு குடம் நீர் வைத்துக்கொள்க. குழந்தைகளை அண்டவிடலாகாது. முடிவில் கனல் முழுவதையும் நீர் விட்டு அணைத்தல் வேண்டும்.

விற்பனைக்குச் செய்வோர்

சந்தையில் விற்கும் பொருட்டு இதனைச் செய்வோர், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி பதிவு அல்லது உரிமம் பெறவேண்டியவராவர். கிராம அதிகாரிகள் இதனைத் தொழில் தொடங்க விரும்புவோருக்கு முன்னரே அறிவித்தல் நலம். பழைய பாத்திரமொன்று கோடையில் வீணாகும் மீனில் ஒரு பகுதியை நல்ல உணவாக்கித் தருமாயின் அது லாபமே. ஆனால் அந்த லாபம் உப்பின் அளவையும், சதையின் உஷ்ணத்தையும், நாளின் கணக்கையும் தவறாது கவனிப்போருக்கே உரியது. மணத்தை மட்டும் நம்புவோர் மீனோடு உடல்நலத்தையும் இழக்க நேரிடும்.