நீர்க்கடுப்பும் மருந்துக்கு மசியாத கிருமியும்

நீர்க்கடுப்புக்கு நாலு மாத்திரை போதும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. முன்னர் மூன்று நாளில் தீர்ந்த நோய் இன்று சிலரை மருத்துவமனைக் கட்டிலில் கிடத்திவிடுகிறது. காரணம் யாது?

இந்நோயை உண்டாக்கும் கிருமிகளுள் தலையாயது ஈ. கோலி. நம் குடலில் கேடின்றிக் குடியிருக்கும் இனந்தான் அது. சிறுநீர்த் தாரை வழியே மேலேறும்போதுதான் பகையாகிறது. பெண்களுக்கு அத்தாரையின் நீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டரே. ஆதலின் அவர்களுக்கே இந்நோய் மிகுதி.

கிருமி மருந்தை எதிர்ப்பது புதிதன்று. பெனிசிலின் பொதுமக்கள் கைக்கு எட்டுமுன்பே, 1940-இல், ஆபிரகாம், செயின் என்னும் ஆக்ஸ்போர்டு அறிஞர் இருவர், பெனிசிலினைச் சிதைக்கும் நொதி ஒன்று ஈ. கோலியிடம் இருப்பதை வெளியிட்டனர். நம் படை புறப்படுமுன்பே பகைவன் கேடயம் வடித்து வைத்திருந்தான்!

அதனினும் வியப்பான செய்தி ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே சீதபேதிக் கிருமிகள் சில, ஒரே வேளையில் நான்கு மருந்துகளுக்கு மசியாதிருந்தன. ஒவ்வொரு மருந்தையும் எதிர்க்கத் தனித்தனியே மாறுதல் ஏற்பட்டிருந்தால் இது நடப்பது அரிது. 1959-இல் ஓச்சியாய், அக்கிபா முதலிய ஆய்வாளர்கள், மருந்தை எதிர்க்கும் ஈ. கோலியைச் சாதாரணச் சீதபேதிக் கிருமியோடு கலந்து வளர்த்தனர். எதிர்ப்பாற்றல் அப்படியே அதற்குத் தாவிற்று! பிளாஸ்மிட் என்னும் சிறு மரபணு வளையமே இதற்குக் காரணம் எனப் பின்னர் விளங்கியது. சொத்தைப் பிள்ளைக்கு விட்டுச்செல்வதோடு நில்லாமல் அண்டை வீட்டானுக்கும் படியெடுத்துக் கொடுக்கும் விந்தை இது. செபலோஸ்போரின் மருந்துகளைச் சிதைக்கும் சிடிஎக்ஸ்-எம் நொதிகள் இவ்வழியாகவே 2000-க்குப் பின் உலகெங்கும் பரவின. அத்தகைய கிருமி சிறுநீரகத்தையும் பற்றிவிட்டால், பெரும்பாலும் இரத்தக்குழாய் வழியே செலுத்தும் கார்பாபெனம் மருந்தைத்தான் நாடவேண்டியுள்ளது.

இந்நிலையில் பழைய மருந்தொன்று மீண்டும் கைகொடுக்கிறது. 1953-இல் வழக்குக்கு வந்த நைட்ரோபியூரண்டாயின் அது. கிருமியைப் பல முனைகளில் தாக்குவதால் அதை எதிர்க்கும் ஈ. கோலி இன்றும் குறைவே. ஆனால் அது சிறுநீரில்தான் செறியும். சிறுநீரகத்திற் புகுந்த நோய்க்கு ஆகாது.

முதியோரின் சிறுநீரில், நோய்க்குறி ஏதுமின்றியே, கிருமி காணப்படுதல் உண்டு. அதற்கெல்லாம் மருந்து வேண்டியதில்லை. ஆயினும் சோதனைத் தாளைக் கண்டு அஞ்சி மாத்திரை கேட்போர் பலர். அவர்கள் பெறும் பயன் ஒன்றுமில்லை. குடற்கிருமிகளுக்குத்தான் மருந்தோடு பழகப் பயிற்சி கிடைக்கிறது.

எக்கிருமிக்கு எம்மருந்து பலிக்கும் என்பதை அறியக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே வழி. அதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். சிறுநீரை முதல் மாத்திரை விழுங்குமுன் கொடுத்தல் நன்று. விழுங்கியபின் கொடுத்தால் தட்டில் கிருமி வளராது போகலாம். வளராத கிருமிக்கு மருந்து கூற ஆய்வுக்கூடத்தாரால் இயலாது.