எழுந்த சிறுமிக்கு உணவு

(வானொலி மறையுரை: நோயாளர் உலக நாளையும் அனைத்துலகக் குழந்தைப் புற்றுநோய் நாளையும் ஒட்டிய சிந்தனை)



மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு தந்தை இயேசுவின் காலில் வந்து விழுகிறார். பெயர் யாயிர். தொழுகைக்கூடத் தலைவர், ஊரில் மதிப்பு மிக்கவர். அந்த நேரத்தில் பதவியும் மதிப்பும் அவருக்கு நினைவில் இல்லை. வீட்டில் பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள். இயேசு அவரோடு புறப்படுகிறார். போகும் வழியில், பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண் ஒருவர் அவருடைய ஆடையைத் தொட்டு நலம் பெறுகிறார்.

இந்தப் பகுதியைத் திருப்பலியில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இரண்டு செய்திகளைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். ஒன்று, அந்தப் பெண் பல மருத்துவர்களிடம் போய்த் தம் கைப்பொருளை எல்லாம் செலவழித்தவர் என்று மாற்கு குறிப்பிடுகிறார். நோய் உடலை மட்டுமல்ல, வீட்டையும் சேர்த்தே தின்றுவிடும் என்பது அன்றே தெரிந்த உண்மை. மற்றொன்று, சிறுமியைக் கைப்பிடித்து எழுப்பிய பிறகு இயேசு கடைசியாகச் சொல்வது. அவளுக்குச் சாப்பிட ஏதேனும் கொடுக்கச் சொல்கிறார். உயிரைக் கொடுத்தவருக்கு உணவைக் கொடுக்கத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த வேலையைச் சுற்றி நின்றவர்களிடம் விட்டார்.

இந்த இரண்டு செய்திகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயைப் பற்றி இன்று சிந்திப்போம். பிப்ரவரி 11ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளில், திருஅவை நோயாளர் உலக நாளைக் கொண்டாடுகிறது. நான்கே நாள் கழித்து, பிப்ரவரி 15 அனைத்துலகக் குழந்தைப் புற்றுநோய் நாள்.

யார் செய்த பாவம்?

குழந்தைக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும் தாயின் மனத்தில் எழும் முதல் கேள்வி, "நான் என்ன பாவம் செய்தேன்?" என்பதுதான். உறவினர்களும் சும்மா இருப்பதில்லை. கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டாய், யார் கண் பட்டது, எந்த நேர்த்திக்கடன் பாக்கி என்று கேட்டுக் கேட்டே நோகடித்துவிடுகிறோம்.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டிச் சீடர்கள் கேட்ட கேள்வியும் இதுதான். அது அவர் செய்த பாவமும் அல்ல, அவருடைய பெற்றோர் செய்த பாவமும் அல்ல என்று இயேசு தெளிவாகச் சொன்னார். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் அது. மருத்துவமும் அதையே சொல்கிறது. பெரியவர்களின் புற்றுநோய் பலவற்றுக்குப் புகையிலை, மது போன்ற காரணங்களைக் காட்டலாம். குழந்தைகளின் புற்றுநோய் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. வளரும் உடலில் செல்கள் பிரியும்போது நேரும் பிழையால் வருகிறது. அது தொற்றுநோயும் அல்ல. அந்தக் குழந்தையோடு நம் குழந்தைகள் விளையாடலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். நம்மிடமிருந்து சளியோ காய்ச்சலோ அக்குழந்தைக்குத் தொற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

உலகில் ஆண்டுதோறும் 19 வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குப் புற்றுநோய் வருகிறது என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். வசதி மிக்க நாடுகளில் இவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 விழுக்காட்டினர்கூடப் பிழைப்பதில்லை. நோய் ஒன்றுதான். குழந்தை எந்த வீட்டில் பிறந்தது என்பதுதான் வேறுபாடு. இந்த இடைவெளியைக் குறைக்கவே, 2030ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் குறைந்தது 60 விழுக்காட்டுக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்று அந்நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது.

மருந்து வந்த வழி

குழந்தைகளுக்கு அதிகம் வருவது இரத்தப் புற்றுநோய். 1947 வரை அதற்கு மருந்தே கிடையாது. சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் குழந்தை இறந்துவிடும். பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். ஃபோலிக் அமிலம் என்ற சத்தைக் கொடுத்தால் இந்த நோய் அடங்குவதற்குப் பதில் வேகமெடுத்தது. அப்படியானால் அந்தச் சத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலிப் பொருளைக் கொடுத்தால் என்ன? பூட்டுக்குள் தவறான சாவி சிக்கிக்கொள்வதுபோல, புற்றுச் செல்லின் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும் அல்லவா?

அந்தப் போலிச் சாவியை உருவாக்கித் தந்தது யெல்லாப்ரகத சுப்பாராவ் தலைமையிலான ஆய்வுக்கூடம். ஆந்திரத்தின் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். இளமையில் உடன்பிறந்தோர் இருவரை வயிற்று நோய்க்குப் பறிகொடுத்தவர். அமெரிக்கா சென்று, படிப்புச் செலவுக்காக மருத்துவமனையில் கூலி வேலையும் செய்தார். ஃபார்பர் அந்த மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948இல் உலகம் அதை அறிந்தது. அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். அதன் இன்னொரு வடிவமான மெத்தோட்ரெக்சேட் இன்றும் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது.

ஏழையின் காணிக்கை

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். அது எங்கிருந்து வந்தது? 1948 மே 22ஆம் நாள், ஃபார்பரிடம் சிகிச்சை பெற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அமெரிக்க வானொலியில் பேசினான். 'ஜிம்மி' என்று அவனுக்குப் புனைபெயர் சூட்டியிருந்தார்கள். தனக்குப் பிடித்த அணியின் பந்தாட்டத்தைப் பார்க்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும் என்பதே அவன் ஆசை. கேட்டவர்கள் தங்களால் இயன்றதை அனுப்பினார்கள். 2 லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. யாயிரின் மகளுக்கும் பன்னிரண்டு வயது, இவனுக்கும் பன்னிரண்டு. இவனும் எழுந்தான். 65 வயது வரை வாழ்ந்து 2001இல் இறந்தான்.

டேனி தாமஸ் என்ற கத்தோலிக்க நகைச்சுவை நடிகரின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். லெபனானிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பம். கையில் இருந்த கடைசி 7 டாலரைக் கோவில் காணிக்கைத் தட்டில் போட்டுவிட்டு மன்றாடியவர். வாழ வழி காட்டினால் புனித யூதா ததேயுவுக்கு ஓர் ஆலயம் கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டார். பின்னாளில் அவர் கட்டியது குழந்தைகளுக்கான ஆராய்ச்சி மருத்துவமனை. 1962இல் மெம்பிஸ் நகரில் அது திறக்கப்பட்டபோது, குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயில் பிழைத்தவர்கள் 4 விழுக்காடு. இன்று அங்கே 94 விழுக்காடு. சிகிச்சைக்காக எந்தக் குடும்பத்துக்கும் அங்கே பில் கொடுப்பதில்லை. அதை இயக்குவது பெரும்பாலும் பொதுமக்களின் நன்கொடை.

இது வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரம் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டினார். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு குடிசையில் தொடங்கியதுதான் புற்றுநோய் நிலையம். நாட்டிலேயே முதலாவதாகக் குழந்தைகளுக்குத் தனிப் புற்றுநோய்ப் பிரிவு 1960இல் அங்கேதான் தொடங்கியது. டாக்டர் வி. சாந்தா தம் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்து 2021இல் மறைந்தார்.

1980களின் தொடக்கம் வரை நம் நாட்டில் இந்த நோய் வந்த குழந்தைகளில் ஐந்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. 1984 முதல் அடையாறு, மும்பை டாட்டா, தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று மருத்துவமனைகளும் நம் நாட்டுச் சூழலுக்கு ஏற்ற ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றி, பலனைச் சேர்ந்து கணக்கெடுத்தன. ஏறத்தாழ 40 முதல் 60 விழுக்காட்டுக் குழந்தைகள் பிழைத்தார்கள். புதிய மருந்து கண்டுபிடிப்பது மட்டுமல்ல, இருக்கிற மருந்தை நம் பிள்ளைகளுக்கு எப்படி முறையாகக் கொடுப்பது என்று அறிவதும் ஆராய்ச்சிதான்.

நம் மதுரையில்

தேனி, உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கமிருந்து வரும் பேருந்துகள் நம் காளவாசலைத் தாண்டித்தான் ஆரப்பாளையம் போகின்றன. அரசு இராசாசி மருத்துவமனைக்கோ, பாலரெங்காபுரம் அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கோ, அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செல்லும் தாய் அந்தப் பேருந்துகளில் இருக்கக்கூடும். நாம் பார்த்திருப்போம், கேட்டிருக்கமாட்டோம்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையைக் கண்புரைச் சிகிச்சைக்காகவே நாம் அறிவோம். குழந்தைகளின் கண்ணில் வரும் விழித்திரைப் புற்றுநோய்க்கும் அங்கே சிகிச்சை உண்டு. அதன் மரபணுக்கள் பற்றிய ஆராய்ச்சியும் நம் ஊரிலேயே நடக்கிறது. இந்நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் கருவிழி நடுவே பூனைக்கண் போல வெள்ளையாக மின்னினால், அழகு என்று விட்டுவிடக் கூடாது. உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முன்னதாகப் பார்த்தால் உயிரைக் காப்பாற்றலாம். பல நேரங்களில் பார்வையையும் காப்பாற்றலாம்.

மற்ற அறிகுறிகளையும் தெரிந்துகொள்வோம். காரணம் தெரியாமல் நீடிக்கும் காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே தோன்றும் நீலத் தழும்புகள், ஈறில் இரத்தம், எலும்பு வலியும் நொண்டலும், கழுத்திலோ வயிற்றிலோ கட்டி, காலையில் தலைவலியோடு வாந்தி. இவை இருந்தாலே புற்றுநோய் என்று பொருளல்ல. ஆனால் இரண்டு வாரம் ஆகியும் தீராவிட்டால், மந்திரிப்பதிலும் கைமருந்திலும் நாளைக் கடத்தாமல் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும்.

பாதியில் நிற்கும் பயணம்

தாமதமாக வருவதைவிட வேதனையானது ஒன்று உண்டு. சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் காய்ச்சல் போய்விடும், குழந்தை ஓடி விளையாடும். "சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போவோம்" என்று தோன்றும். ஆனால் கண்ணுக்கும் சோதனைக்கும் தப்பிய சில செல்கள் எலும்பு மஜ்ஜையில் ஒளிந்திருக்கும். அவற்றையும் அழிக்கத்தான் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீள்கிறது. நடுவில் விட்டால் நோய் திரும்பும். இரண்டாம் முறை அதை வெல்வது கடினம்.

பெற்றோர் ஏன் விட்டுவிடுகிறார்கள்? அன்பு இல்லாமலா? தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. ஆனால் தகப்பன் இழக்கும் தினக்கூலியை யார் கொடுப்பார்? மாதாமாதம் பேருந்துக் கட்டணம், தங்குமிடம், வீட்டில் விட்டுவந்த மற்ற பிள்ளைகளின் சோறு? மாற்கு சொன்ன அந்தப் பெண்ணைப்போல, கைப்பொருள் தீர்ந்த இடத்தில் இவர்கள் நின்றுவிடுகிறார்கள்.

இங்கேதான் ஆண்டவரின் கட்டளை நமக்கு உரியதாகிறது. சத்துணவு இல்லாத குழந்தையின் உடல் புற்றுநோய் மருந்தின் கடுமையைத் தாங்காது, நோய்த்தொற்று எளிதில் பற்றிக்கொள்ளும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சிறுமிக்கு உணவு கொடுக்கச் சொன்னது வெறும் அன்புமொழி அல்ல, அது சிகிச்சையின் ஒரு பகுதி.

நாம் செய்யக்கூடியது

நம் அன்பியங்களில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால், சிகிச்சை முடியும் வரை அவர்களோடு நடப்போம். ஒரு மாதம் பரிவு காட்டிவிட்டு மறந்துவிடுவதால் பயனில்லை. முட்டை, பால், பருப்பு, பேருந்துச் செலவு ஆகியவற்றை வின்சென்ட் தே பவுல் சபை வழியாகவோ அன்பியம் வழியாகவோ முறைவைத்துக் கொடுக்கலாம்.

இரத்தம் கொடுப்போம். இக்குழந்தைகளுக்கு இரத்தமும் தட்டணுக்களும் அடிக்கடி தேவை. தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் சேமித்துவைக்க முடியாது. எனவே யாராவது ஒருவர் எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் உள்ளவர்கள் கொடுக்கலாம்.

தவக்காலத்தில் ஒறுத்துச் சேமிக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கென்று வைப்போம். சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் பெயர்பெற்ற மருத்துவமனைகளுக்கு நேரடியாகச் செலுத்தி ரசீது பெறுவோம். வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்த்து, யாரென்று தெரியாத கணக்குக்கு அனுப்ப வேண்டாம். உண்மையான குழந்தைக்குப் போக வேண்டிய பணம் அது. தொகை சிறியது என்று தயங்கவும் வேண்டாம். ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளை எண்ணிப் பார்த்தவர் நம் ஆண்டவர்.

குழந்தைப் புற்றுநோய்க்கு உலகெங்கும் அடையாளமாக இருப்பது பொன்நிற நாடா. பொன் தீயில்தான் புடம் பெறும். காளவாசல் என்ற சொல்லுக்குச் சூளை என்று பொருள். சூளையின் பெயரைத் தாங்கிய ஊரில் வாழும் நமக்கு, நெருப்பில் நிற்பவரின் வேதனை புரியாமல் போகக் கூடாது.

செபிப்போம்: யாயிரின் வீட்டுக்கு நடந்து சென்ற ஆண்டவரே, இன்று மருத்துவமனைப் படுக்கைகளில் இருக்கும் எங்கள் பிள்ளைகளைக் கைப்பிடித்து எழுப்பும். மருத்துவர், செவிலியர், ஆராய்ச்சியாளர் கைகளை ஆசீர்வதியும். எழுகிற குழந்தைக்கு உணவு கொடுக்க எங்களுக்கு மனம் தாரும். ஆமென்.