தன்மைநோக்குச் சுடுவிளையாட்டுகள்: மூலப் படைப்பும் மறுவெளியீடும்

முன்னுரை

தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடப் பாகுபாடு தமிழாசிரியர் அனைவரும் நன்கறிந்தது. கணினி விளையாட்டுகளை வகைப்படுத்துவோரும் இதனை ஒத்த பாகுபாட்டையே கையாள்கின்றனர். ஆடுவோர் தம் பாத்திரத்தை வெளியிலிருந்து காண்பது படர்க்கை நோக்கு. அப்பாத்திரத்தின் கண்களாலேயே உலகைக் காண்பது தன்மை நோக்கு. தன்மை நோக்கில் திரையில் தெரிவன பாத்திரத்தின் கையும் அது ஏந்திய படைக்கலமும் மட்டுமே. இந்நோக்கில் அமைந்து, எதிரிகளைச் சுட்டு வீழ்த்துவதை முதன்மைச் செயலாகக் கொண்டவற்றை இக்கட்டுரையில் 'தன்மைநோக்குச் சுடுவிளையாட்டுகள்' எனக் குறிப்பிடுகிறோம்.

இவ்வகைக்கு இன்று முப்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் 2015ஆம் ஆண்டு உலகக் காணொளி விளையாட்டுப் புகழ்மண்டபத்தை நிறுவியபோது, முதன்முதலில் தேர்ந்த ஆறு விளையாட்டுகளுள் 'டூம்' என்னும் சுடுவிளையாட்டும் ஒன்றாகும். பழைய விளையாட்டுகள் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வருவதும் இன்று வழக்கமாகிவிட்டது. எனினும், அவற்றுள் பல வாங்கியோரை ஏமாற்றத்திற்கு உள்ளாக்கியுள்ளன. இவ்வேமாற்றத்தைப் பழமையின்மீது கொண்ட பற்று என்று கூறி ஒதுக்கிவிடுவோர் உளர். அவ்விளக்கம் போதுமானதன்று என்பது நம் கருத்து. பழைய விளையாட்டிற்கும் புதிய விளையாட்டிற்கும் அமைப்பில் உள்ள வேறுபாடு யாது, மறுவெளியீடுகள் எவ்விடத்தில் பிழைக்கின்றன என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இவ்விளையாட்டுகளின் வன்முறைக் கூறு பற்றிய விவாதம் தனியே ஆராயத்தக்கதாதலின் இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

தொடக்ககால விளையாட்டுகளின் அமைப்பு

அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி' என்னும் விளையாட்டு 1992ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. அதன் சுவர்கள் அனைத்தும் செங்கோணத்தில் சந்திப்பவை; தளமும் ஒரே மட்டத்தில் அமைந்தது. அதே நிறுவனம் 1993ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் வெளியிட்ட 'டூம்', இவ்வரம்புகளைக் கடந்தது. ஜான் கார்மாக் எழுதிய நிரல், உயரம் வேறுபட்ட தளங்களையும் சாய்ந்த சுவர்களையும் ஒளி குன்றிய அறைகளையும் அக்காலக் கணினிகளில் விரைவாக வரைந்து காட்டியது. ஜான் ரொமேரோ, சாண்டி பீட்டர்சன் முதலியோர் அதன் கட்டங்களை வடிவமைத்தனர்.

'டூம்' விளையாட்டின் அமைப்பை விளக்க அதன் விதிகளுள் சிலவற்றை நோக்குதல் தகும். பாத்திரம் மிக விரைவாக ஓடும். ஆயின் குதிக்கவோ மேலும் கீழும் நோக்கவோ இயலாது. கண்டெடுத்த படைக்கலங்கள் அனைத்தையும் ஒருசேரச் சுமந்து செல்லலாம். உடல்நலம் 100 என்னும் எண்ணிலிருந்து தொடங்கும். காயமுற்றால் அது தானாக மீளாது. ஆங்காங்கே கிடக்கும் மருந்துப் பெட்டிகளைத் தேடிச் சென்று எடுத்தல் வேண்டும். சிறிய பெட்டி 10 புள்ளிகளும் பெரிய பெட்டி 25 புள்ளிகளும் தரும். பூட்டிய கதவுகளைத் திறக்க நீலம், மஞ்சள், சிவப்பு நிறச் சாவிகள் தேவை. எதிரிகள் சிலர் எறியும் தீப்பந்துகள் கண்ணால் கண்டு விலகும் வேகத்திலேயே வரும்.

இவ்விதிகள் அனைத்தும் ஒரே பயனை நோக்கியவை. உடல்நலம் மீளாததால் ஆடுவோர் களத்தைச் சுற்றித் தேட வேண்டியவராகின்றனர்; சாவிகள் சிதறிக் கிடப்பதால் கடந்த வழியே மீண்டும் வர வேண்டியவராகின்றனர்; தீப்பந்துகள் விலகத்தக்கவையாதலின் ஓட்டமே கேடயமாகிறது. கட்டத்தின் முடிவில், கண்டுபிடித்த மறைவிடங்கள் எத்தனை விழுக்காடு என்னும் கணக்கும் காட்டப்படுகிறது. ஆகவே, தொடக்ககாலச் சுடுவிளையாட்டு அடிப்படையில் இடத்தை அறிந்துகொள்ளும் விளையாட்டு எனலாம். சுடுதல் அதன் வெளித்தோற்றம். வழியறிதலே அதன் உள்ளீடு. 1996ஆம் ஆண்டு வெளிவந்த 'குவேக்', உலகையும் உருவங்களையும் முழுமையான முப்பரிமாணத்தில் அமைத்தபோதும் இவ்வுள்ளீட்டை மாற்றவில்லை.

பிற்கால மாற்றங்கள்

வால்வ் நிறுவனம் உருவாக்கி 1998ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹாஃப் லைஃப்' இவ்வகையைக் கதையின் பக்கம் திருப்பியது. ஆய்வுக்கூடம் ஒன்றினுள் தொடர்வண்டியில் செல்லும் நீண்ட பயணத்தோடு அது தொடங்குகிறது. ஆடுவோரின் கையிலிருந்து கட்டுப்பாட்டைப் பறிக்காமலே, அவர் கண்முன் நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக நடத்திக் காட்டிய முறை அதன் தனிச்சிறப்பு.

பங்கி நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்காக உருவாக்கி 2001ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த 'ஹேலோ' இரு புதிய விதிகளைப் பரவலாக்கியது. ஒரே நேரத்தில் இரண்டு படைக்கலங்களை மட்டுமே சுமக்கலாம் என்பது ஒன்று; சற்று நேரம் மறைந்திருந்தால் காப்புக் கவசம் தானே நிரம்பும் என்பது மற்றொன்று. 2005ஆம் ஆண்டின் 'கால் ஆஃப் டியூட்டி 2' உடல்நலத்தையே தானாக மீளச் செய்தது. 2007ஆம் ஆண்டின் 'கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்' பெற்ற வெற்றிக்குப் பின்னர் இம்முறையே பெருவழக்காயிற்று.

உடல்நலம் தானே மீளுமாயின் மருந்துப் பெட்டியைத் தேட வேண்டுவதில்லை. தேடல் இல்லையெனில் களம் சுற்றி வரத்தக்கதாக அமைய வேண்டுவதில்லை; ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் பாதையாக அமைந்தாலே போதும். ஒவ்வொரு மோதலையும் ஆடுவோர் முழு நலத்துடன் தொடங்குவார் என்பது உறுதியாவதால், வடிவமைப்பாளர் திரைப்படக் காட்சிகளைப் போல மோதல்களை வரிசைப்படுத்த இயலுகிறது. இடத்தை மையமாகக் கொண்டிருந்த விளையாட்டு, இவ்வாறு நிகழ்ச்சி வரிசையை மையமாகக் கொண்டதாயிற்று. இதனை வீழ்ச்சி என்று கூறுவது பொருந்தாது. இது வேறொரு கலை. இரண்டின் விதிகளையும் ஆராயாமல் கலக்கும்போதுதான் இடர் நேர்கிறது. 1997இல் அறிவிக்கப்பட்டு 2011இல் வெளிவந்த 'டியூக் நியூக்கம் ஃபாரெவர்', பழைய நாயகனைப் புதிய விதிகளுக்குள் புகுத்தி இரண்டு படைக்கல வரம்பை விதித்தது. முந்தைய விளையாட்டின் ஆர்வலர்கள் அதனை ஏற்கவில்லை. மாறாக, 2016இல் வெளிவந்த புதிய 'டூம்', மறைந்திருந்து நலம் பெறும் வழியை அடைத்து, எதிரியை நெருங்கி வீழ்த்தினால் நலம் கிட்டும் என்று விதித்தது. அதன் விதி புதியது. ஆயினும் ஓட்டமே கேடயம் என்னும் பழைய பயனை அது காத்தது.

மறுவெளியீடுகள் பிழைக்கும் இடங்கள்

மறுவெளியீட்டில் நேரும் பிழைகளை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, ஓர் உறுப்பை மாற்றி முழுமையைக் குலைத்தல். 2004ஆம் ஆண்டு வெளிவந்த 'டூம் 3' அச்சச் சுவையை முதன்மையாகக் கொண்டது. அதில் கைவிளக்கை ஏந்தினால் துப்பாக்கியை ஏந்த இயலாது. காண்பதா, காத்துக்கொள்வதா என்பதை ஆடுவோரே ஒவ்வொரு கணமும் முடிவு செய்தல் வேண்டும். 2012ஆம் ஆண்டின் 'பிஎஃப்ஜி' பதிப்பு, விளக்கைக் கவசத்தோடு பொருத்தி இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்த இடமளித்தது. குண்டுகளையும் ஒளியையும் கூட்டியது. வசதி பெருகியது, அச்சம் குன்றியது. மூலத்தில் இருந்த இடையூறு குறைபாடன்று, அச்சத்தைத் தோற்றுவித்த கருவி என்பதைப் பதிப்பித்தோர் கருத்தில் கொள்ளவில்லை.

இரண்டாவது, பிழையான படியை மூலமாகக் கொள்ளுதல். சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர் இவ்விடரை நன்கறிவர். 2011ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹேலோ' பத்தாண்டு நிறைவுப் பதிப்பில், ஒரு பொத்தானை அழுத்திப் பழைய தோற்றத்திற்கும் புதிய தோற்றத்திற்கும் மாறிமாறிச் செல்லலாம். இது போற்றத்தக்க ஏற்பாடு. ஆனால் அங்குக் காட்டப்பட்ட பழைய தோற்றம் 2001ஆம் ஆண்டின் மூலத்தை நேரடியாகப் பின்பற்றியதன்று. 2003ஆம் ஆண்டு கணினிக்காகப் பெயர்க்கப்பட்ட படியிலிருந்து வந்தது. அப்பெயர்ப்பில் ஒளி, மேற்பரப்பு ஆகியவற்றின் நுட்பங்கள் சில சிதைந்திருந்தன. அச்சிதைவுகள் மறுபதிப்பிலும் தொடர்ந்தன. பல ஆண்டுகள் கழித்தே திருத்தப்பட்டன. மேலும், புதிய தோற்றத்தின் அடியில் இயங்கியது பழைய நிரலே. ஆதலின், புதிதாக வரையப்பட்ட பாறையின் விளிம்பும் குண்டு உண்மையில் தடைபடும் விளிம்பும் சில இடங்களில் ஒத்துப்போகவில்லை. தெளிந்த மங்கலோடு மருமமாகத் தோன்றிய அறைகள் ஒளிமிகுந்து அம்மருமத்தை இழந்தன என்றும் ஆர்வலர்கள் குறைகூறினர்.

மூன்றாவது, படைப்பிற்குப் புறம்பான வணிக, தொழில்நுட்ப நிபந்தனைகள். 2014ஆம் ஆண்டு நவம்பரில் நான்கு 'ஹேலோ' விளையாட்டுகள் ஒரே தொகுப்பாக வெளிவந்தபோது, இணையவழி ஆட்டத்திற்கு எதிராளிகளைச் சேர்க்கும் பகுதி சரிவர இயங்கவில்லை. அதனைப் பெருமளவில் சீர்செய்த இற்றைப்படுத்தல் 2018ஆம் ஆண்டே வந்தது. 2016ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்ட 'மாடர்ன் வார்ஃபேர்', தொடக்கத்தில் வேறொரு புதிய விளையாட்டின் சிறப்புப் பதிப்புகளோடு மட்டுமே கிடைத்தது. தனியே வாங்க 2017ஆம் ஆண்டு ஜூன் வரை காத்திருக்க நேர்ந்தது. 2019ஆம் ஆண்டு ஜூலையில் கன்சோல்களுக்கு வந்த 'டூம்' மறுவெளியீடு, தனியொருவர் ஆடும் இருபத்தைந்தாண்டுப் பழைய விளையாட்டிற்கு இணையக் கணக்கைக் கோரியது. எதிர்ப்பு எழுந்தபின் அந்நிபந்தனை நீக்கப்பட்டது. அதன் படத்தின் உயர அகல விகிதம் மூலத்தைப் போல் திருத்தப்பட்டதும் பின்னரே.

இம்மூன்றும் ஒருங்கே அமைந்த நிகழ்வும் உண்டு. பெல்ஜிய நாட்டுப் படக்கதை ஒன்றைத் தழுவி 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'தேர்ட்டீன்' என்னும் விளையாட்டு, படக்கதையின் கோட்டோவியத் தோற்றத்தையும் கட்டங்களையும் திரையில் கொணர்ந்தமையால் தனித்து விளங்கியது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் வந்த அதன் மறு ஆக்கம் அத்தோற்றத்தைப் பெரிதும் கைவிட்டதோடு, பல இயக்கப் பிழைகளுடனும் வெளிவந்தது. உருவாக்கியோரும் வெளியிட்டோரும் பொதுவில் மன்னிப்புக் கோரினர். 2022ஆம் ஆண்டு வேறொரு குழு அதனைத் திருத்தி அமைத்தது.

செம்மையான மறுவெளியீடுகள்

மறுவெளியீடு அனைத்தும் தோல்வியுறும் என்பதன்று. 'குவேக்' மூலத்தில் இசை, குறுந்தட்டில் தனித்தடங்களாக இடம்பெற்றிருந்தது. பின்னாளில் இணையவழி விற்கப்பட்ட படியில் அவ்விசை இல்லாது போயிற்று. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் நைட்டைவ் ஸ்டூடியோஸ் உருவாக்கிய மறுவெளியீடு, டிரெண்ட் ரெஸ்னர் அமைத்த அவ்விசையை மீண்டும் சேர்த்தது; புதிய காட்சி மெருகுகளை வேண்டாதோர் நீக்கிக்கொள்ளவும் வழிவகுத்தது. 2023ஆம் ஆண்டின் 'குவேக் 2' மறுவெளியீடு, நின்டெண்டோ 64 கன்சோலுக்கென அமைந்த மாறுபட்ட வடிவத்தையும் உடன் அளித்தது. இது பாடவேறுபாட்டையும் சேர்த்துப் பதிப்பிக்கும் முறையை ஒத்தது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த 'டூம்' தொகுப்பு, பழைய இசை, புதிய இசை இரண்டுள் விரும்பியதைத் தேர்ந்துகொள்ள இடமளித்தது.

இவ்வெற்றிக்கு ஒரு காரணம் மூலநிரல் வெளிப்படையாகக் கிடைத்தமை ஆகும். 1997ஆம் ஆண்டு டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் 'டூம்' மூலநிரலை வெளியிட்டது. ஒலிக்கான பகுதி பிறருக்கு உரிமையானதாதலின் அது மட்டும் விடப்பட்டது. 1999இல் 'குவேக்' மூலநிரலும் வெளிவந்தது. இவற்றைக் கொண்டு ஆர்வலர்கள் பல்வேறு வடிவங்களை உருவாக்கினர். அவற்றுள் 'சாக்லேட் டூம்' என்பது மூலத்தின் பிழைகளையும் உள்ளவாறே காப்பதை நோக்கமாகக் கொண்டது. பிழையையும் காப்பானேன் என்னும் ஐயம் எழலாம். 'டூம்' ஒரு நொடியை 35 கூறுகளாகப் பகுத்து இயங்குகிறது. ஓர் ஆட்டத்தைப் பதிவு செய்கையில் அது படத்தைச் சேமிப்பதில்லை. ஒவ்வொரு கூறிலும் ஆடுவோர் செய்த செயலை மட்டுமே சேமிக்கிறது. அப்பதிவை மீண்டும் இயக்கும்போது விதிகளில் அணுவளவு மாற்றம் இருந்தாலும் பாத்திரம் வழிதவறிச் சுவரில் முட்டி நிற்கும். எனவே பழைய பதிவுகள் பிழையின்றி ஓடுகின்றனவா என்பதே மூலத்தன்மையை அளக்கும் சோதனையாகிறது. நூற்பதிப்பிலும் கிட்டாத கடுமையான சோதனை இது.

முடிவுரை

ஏமாற்றமளிக்கும் மறுவெளியீட்டால் வாங்கியோர் சிலரின் பணம் மட்டுமே வீணாகிறது என்று கருதலாகாது. மூலம் விற்பனையில் இல்லாதபோது மறுவெளியீடே மூலமாகக் கொள்ளப்படும். அடுத்த தலைமுறையினர் அதனைக் கொண்டே பழைய படைப்பை மதிப்பிடுவர். அமெரிக்காவின் காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010ஆம் ஆண்டிற்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு வணிகமுறையில் கிடைப்பதில்லை. நூலகங்கள் அத்தகைய விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பயன்படுத்தத் தருவதற்கான விலக்கை, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் மறுத்தது. ஆகவே காத்தளிக்கும் பொறுப்பு இன்று பெரும்பாலும் விற்போரிடமும் ஆர்வலர்களிடமுமே தங்கியுள்ளது.

மறுவெளியீடு ஒன்றை மதிப்பிட மூன்று வினாக்கள் துணைபுரியும் எனக் கருதுகிறோம். எப்படி மூலமாகக் கொள்ளப்பட்டது? மாற்றிய உறுப்பு எப்பயனை நோக்கி முதலில் அமைந்திருந்தது? மாற்றத்தை வேண்டாதோர் மூலத்தை அடைய வழி உண்டா? இவை பதிப்பியல் பயிலும் மாணவர்க்குப் புதியன அல்ல. ஓலையையும் அச்சையும் ஒப்பிடக் கற்றோர் அதே பயிற்சியை இயங்கும் படைப்புகளிலும் செலுத்த இயலும். பொத்தானால் பழையதும் புதியதும் மாறும் 'ஹேலோ' போன்ற ஒரு பதிப்பை வகுப்பறையில் வைத்து, ஒரே அறையின் இரு தோற்றங்களையும் மாணவரை எழுதி ஒப்பிடச் செய்வது அதற்கு எளிய தொடக்கமாக அமையும்.