டேங்கின் அடியில் இருக்கிறது கோளாறு

கரையிலிருந்து கிளம்பும்போது நன்றாகத்தான் ஓடும். அலை உடையும் இடத்தைத் தாண்டி வேகத்தைக் கூட்டியதும் இழுவை குறையும், திணறும், நின்றுவிடும். டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஓஸில் இருக்கும் ரப்பர் பல்பை நாலு அமுக்கு அமுக்கினால் மறுபடி உயிர் வரும். கொஞ்ச தூரம் போனதும் பழைய கதைதான். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய அவுட்போர்டு எஞ்சின் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கூடவே, கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ததையும், ஒரு வாரத்தில் கோளாறு திரும்பி வந்ததையும் சொல்வார்கள்.

கார்பரேட்டர் கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம். முதலில் கை வைக்க வேண்டியது அந்தப் பல்பில்தான். பாதி நோயை அதுவே சொல்லிவிடும். எஞ்சின் ஓடும்போது பல்பு சப்பிப்போனால், டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருக்கிறோம், அல்லது டேங்குக்குள் உறிஞ்சு குழாயின் வலை அடைத்திருக்கிறது. எவ்வளவு அமுக்கினாலும் பல்பு இறுகவில்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது. பெரும்பாலும் ஓஸ் மாட்டும் முனையில் இருக்கும் சின்ன ரப்பர் வளையம்தான் குற்றவாளி. பல்பு கல்லாக இறுகியிருந்தும் எஞ்சின் சாகிறது என்றால் அடைப்பு அதற்கு மேலே: ஃபில்டர், மிதவை ஊசி, ஜெட். அமுக்க அமுக்க மட்டுமே ஓடுகிறது என்றால் பெட்ரோல் பம்பின் டயாபிரம் தளர்ந்திருக்கும்.

இவ்வளவும் கரையில் எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது, அந்த டயாபிரமும் வளையமும் ஓஸும் ஏன் இப்போது இத்தனை சீக்கிரம் கெடுகின்றன என்பதை. நாகப்பட்டினம் பக்கம் ஒரு பட்டறையில் பழைய ஓஸ் ஒன்றை நீளவாக்கில் பிளேடால் கீறிக் காட்டினார்கள். வெளியே பார்த்தால் பழுதில்லை. உள்ளே மெல்லிய உள்தோல் கழன்று மடிந்து கிடந்தது. வேகம் கூடி உறிஞ்சல் அதிகமானதும் அந்தத் தோல் எழும்பி வழியை அடைக்கும். எஞ்சின் நின்றதும் படிந்துகொள்ளும். கரையில் வைத்து எத்தனை முறை சோதித்தாலும் அகப்படாது.

“முன்னெல்லாம் ஒரு ஓஸ் வருசக்கணக்கா வரும்ணே. இப்ப பெட்ரோல்தான் அதைத் தின்னுது” என்றார் மெக்கானிக்.

அவர் சொல்வதை நான் நம்புகிறேன். இன்று நம் பங்க்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். 2030-க்கு என்று வைத்திருந்த இந்த இலக்கை 2025-லேயே எட்டிவிட்டோம். ரோட்டில் ஓடும் புது வண்டிகளில் 2023-லிருந்து அதைத் தாங்கும் ரப்பர் போடுகிறார்கள். ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தில் பைபர் படகுகள் வந்து நிறைந்தபோது வாங்கிய எஞ்சின்களுக்கு யார் ரப்பர் மாற்றினார்கள்? எத்தனால் அந்தப் பழைய ரப்பரை ஊதவைக்கும், இறுகவைக்கும். டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த கசடைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். கார்பரேட்டரின் ஜெட் துளை நிலையானது. எத்தனால் கலந்தால் அதே வேலைக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. காற்று மிஞ்சி, எரிபொருள் குறைந்து எஞ்சின் சூடாகும். பிளக்கைக் கழற்றினால் முனை வெள்ளையாக வெளுத்திருக்கும்.

இதைவிடப் பெரிய பயம் எனக்குத் தண்ணீர். எத்தனால் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் போய் நிற்கும். உறிஞ்சு குழாய் இருப்பதும் அதே அடியில். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்து ஊற்றுகிறோமே, அந்த ஆயில் பிரிந்த தண்ணீரோடு இறங்காது, மேலே பெட்ரோலிலேயே தங்கிவிடும். அதாவது சிலிண்டருக்குள் போவது வழவழப்பே இல்லாத திரவம். பிஸ்டன் பிடித்துக்கொள்வதற்கு இது போதும். நடுக்கடலில் நடந்தால், வடகிழக்குப் பருவக் காற்று வீசும் நாளில் நடந்தால், ரிப்பேர் செலவைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஆள் திரும்பினாரா என்றுதான் கேட்பார்கள்.

திறந்த படகில் மழையும் அலைத் தெறிப்பும் படும் டேங்க், கடல் கொந்தளிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்காகக் கரையில் கிடக்கும் டேங்க்: தண்ணீர் சேர இதைவிட வாய்ப்பான இடம் ஏது? மண்ணெண்ணெய் எஞ்சினும் தப்பாது. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு வருவார்கள். தொட்டுத் தொட்டுச் செலவாகும் அந்தச் சின்ன டேங்கில்தான் பெட்ரோல் அதிக நாள் கிடந்து பழசாகிறது.

அமெரிக்காவில் 15 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் படகு எஞ்சினில் ஊற்றவே தடை. பங்க்கிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கும். நம்மூரில் பைக் மைலேஜ் குறைகிறதா என்று எத்தனை விவாதம் நடந்தது! படகைப் பற்றி ஒரு வரி வந்ததா? எத்தனால் கலப்பதால் கரும்பு விவசாயிக்குப் பணம் போகிறது, இறக்குமதிச் செலவு குறைகிறது என்ற வாதம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு, தண்ணீர் பிரிந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது எளிது. அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் ஆயில் கலக்காத பெட்ரோல் 100 மில்லி. மூடிக் குலுக்கி நிறுத்தினால், அடியில் இருந்த தண்ணீர் 30 மில்லியை நெருங்கி நிற்கும். கூடிய அளவு அத்தனையும் எத்தனால். டேங்கின் அடியிலிருந்து எடுத்ததை வெறும் பாட்டிலில் கொஞ்ச நேரம் வைத்தாலே, பிரிந்திருந்தால் கீழே ஒரு கோடு தெரியும். கோடு தெரிந்தால் அந்தப் பெட்ரோலைக் காப்பாற்ற வழியில்லை. புதிதாக ஊற்றிக் கலந்தாலும் சேராது. முழுவதும் இறக்கிவிட வேண்டும்.

மீன்பிடித் துறைமுகங்களில் விசைப்படகுக்கென்று வரிவிலக்கு டீசல் வருகிறது. அதே இடத்தில் எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு குழாயில் வந்தால் நாட்டின் கலப்புக் கணக்கு ஒன்றும் கவிழ்ந்துவிடாது. மீனவர் சங்கங்கள் மானியக் கோரிக்கையோடு இதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரை அன்றன்றைக்கு வேண்டிய பெட்ரோலை மட்டும் வாங்குங்கள். டேங்குக்கும் பல்புக்கும் நடுவில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று மாட்டுங்கள். நாலு நாள் கடலுக்குப் போகமாட்டோம் என்று தெரிந்தால், ஓஸைக் கழற்றிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கார்பரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள்.